கருணாகரன் கைவைத்த ரேடியோ

மனித குலத்தில் ‘கழற்றிப் பார்க்கிறவர்’ என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததே இல்லை என்றால் உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்; சந்தோஷமாக இருங்கள்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் பேனாவை ஒட்டினாற்போல ஒரு சின்னத் திருப்புளி குத்தியிருக்கும். பேனாவில் மை இருக்காது. திருப்புளியின் முனை மட்டும் பளபளவென்று மின்னும். இன்னொருவர் வீட்டுக்குப் போனால் நாமெல்லாம் வீட்டுக்காரரைப் பார்ப்போம், குழந்தையைப் பார்ப்போம், கொஞ்சம் வெட்கம் கெட்டவர்களாக இருந்தால் அடுக்களைப் பக்கம் மூக்கை நீட்டுவோம், அவரோ மேலே சுற்றுகிற மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நாடி பிடிக்கிற வைத்தியர் முகத்தோடு, “லேசா ஒரு சத்தம் வருதே, கேக்குதா?” என்பார். உங்களுக்கு அதுவரை கேட்டிருக்காது. அதற்குப் பிறகு வேறெதுவும் கேட்காது. மூன்றாம் நாள் நீங்களே போய் அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு வருவீர்கள்.

அவருடைய சாஸ்திரத்தில் வியாதி ஒன்றே ஒன்றுதான். லூஸ் காண்டாக்ட். இஸ்திரிப் பெட்டி சுடவில்லையா? லூஸ் காண்டாக்ட். டார்ச் விளக்கு எரியவில்லையா? லூஸ் காண்டாக்ட். காலால் மிதிக்கிற தையல் மெஷின் நூலை அறுக்கிறதா? அதுவும் அதேதான், கரண்டே இல்லாத மெஷினில் காண்டாக்ட் எங்கே இருந்து வந்தது என்று கேட்டால், “அதைத்தானே கழட்டிப் பார்க்கணும்கிறேன்” என்பார். சிகிச்சையும் ஒன்றுதான்: கழற்றுவது. மாட்டுவது என்று ஒரு பின்பாதி அந்தக் கலைக்கு இருப்பதை இந்த இனத்தார் வதந்தியாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள். எல்லாம் மாட்டி முடித்த பிறகு நாலு திருகாணி கையில் மிஞ்சும். கூச்சமே படமாட்டார். “கம்பெனிக்காரன் சும்மா அழகுக்குப் போட்டது” என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

அறுபத்தைந்தாம் ஆண்டில் நெய்வேலி நகரியம் எட்டாம் பிளாக்கில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதியாக வாழ்ந்தவர் கருணாகரன். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். சுரங்கத்தின் ஸ்டோர்ஸில் குமாஸ்தா. பகலெல்லாம் ராட்சச யந்திரங்களின் உதிரிப் பாகங்களைப் பெட்டி பெட்டியாகப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எந்தப் பொருளும் உதிரியாக இருப்பதுதான் இயற்கை, எல்லாம் சேர்ந்து ஒன்றாக இருப்பது ஏதோ தற்காலிக விபத்து என்கிற ஞானம் அவருக்குப் பிறந்திருந்தது. அதோடு இன்னொன்றும் உண்டு. ஸ்டோர்ஸில் அவரிடம் யாரும் எதையும் அபிப்பிராயம் கேட்பதில்லை. சீட்டை நீட்டுவார்கள், சாமானை வாங்குவார்கள், போவார்கள். ஏதாவது ஒன்று பழுதாகிற வீட்டில்தான் கருணாகரனுக்கு நாற்காலி போடுவார்கள். எல்லாரும் சுற்றி நின்று அவர் என்ன சொல்லப்போகிறார் என்று வாயைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் எந்த ரேடியோவையும் கொல்லத் தயாராக இருந்தார்.

கொன்றும் இருந்தார். எதிர் வீட்டு ரேடியோவைப் பங்குனி மாதம் ஒரு நாள் பார்த்துக் கொடுத்ததிலிருந்து அது ஒரே ஒரு நிலையத்தை மட்டும் எடுத்தது. அந்த மொழி இன்னதென்று யாருக்கும் தெரியவில்லை. சிங்களம் என்று சிலரும், ரஷ்யன் என்று சிலரும் சாதித்துக்கொண்டிருந்தார்கள். கருணாகரனின் மனைவி பொன்னம்மாள் புதிதாக எது வாங்கினாலும் நாலு நாள் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்து ஆசை தீர அனுபவித்துவிட்டுத்தான் அவர் கண்ணில் காட்டுவாள். ஒரு சின்ன அலாரம் கடிகாரம் அப்படித்தான் ஒரு வாரம் உயிரோடு இருந்தது. பிறகு பானைக்குள்ளிருந்தே மணியடித்து மாட்டிக்கொண்டது.

இந்தக் கருணாகரனின் தெரு முனையில், சற்றே பெரிய குவார்ட்டர்ஸில் இருந்தார் கோபாலகிருஷ்ணன். கட்டடப் பிரிவு என்ஜினீயர், கோயம்புத்தூர்ப் பக்கம். அருமையான மனிதர். ஆனால் ‘வேண்டாம்’ என்ற சொல் அவர் வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும், “அதுக்கென்னங்க, பார்க்கலாமுங்க” என்பார். அப்படித்தான் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு ஜெர்மன் என்ஜினீயர் தம் கறுப்புக் காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். கார் ஓடும், அடிக்கடி ஓடாது. ஆனால் அதற்குள் ஒரு ரேடியோ இருந்தது. அந்த ஜெர்மன்காரர் தம் நாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து பொருத்தியது.

“கார்லயே ரேடியோ இருக்கறப்ப வீட்டுக்கு வேற எதுக்குங்க?” என்பது கோபாலகிருஷ்ணனின் வாதம். அதனால் தினமும் சாயங்காலம் அவரும் மனைவி தமயந்தியும் வாசலில் நிற்கிற காருக்குள் போய் உட்கார்ந்து, எதிரே செம்பருத்தி வேலியைப் பார்த்துக்கொண்டே செய்தி கேட்பார்கள், கச்சேரி கேட்பார்கள். விருந்தாளி வந்தால் பின் ஸீட்டில் உட்காரவைத்து ஜன்னல் வழியாகக் காபி கொடுப்பார்கள். தெருவில் போகிற ஒருவர் இரண்டு வருஷமாக, “வெளியூருங்களா?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

ரேடியோவில் ஒரு கோளாறு இருந்தது உண்மை. இரண்டு நிமிஷம் பேசும்; சட்டென்று ஊமையாகிவிடும். தமயந்தி பேச்சைக்கூட நிறுத்தாமல், தோசை திருப்புகிறவளைப் போலக் கையை நீட்டி, ரேடியோவுக்கு இடப்பக்கம் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவாள். மறுபடி பேசும். தட்டும் இடம் அவளுக்கு மனப்பாடம். இப்படி அந்தக் குடும்பமும் அந்த ரேடியோவும் ஒருவருக்கொருவர் அனுசரித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். இந்த நிம்மதிதான் கருணாகரன் கண்ணில் பட்டது.

அந்த ஆனி மாதம் தமயந்தியின் வாழ்க்கையில் ஒரு பெரிய காரியம் நடந்திருந்தது. திருச்சி வானொலியில் பெண்கள் நிகழ்ச்சிக்காக, ‘பலாக்கொட்டையில் பல வகை’ என்று எட்டு நிமிஷம் பேசிவிட்டு வந்திருந்தாள். பதிவு முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தேமுக்காலுக்கு ஒலிபரப்பு. கோயம்புத்தூர்ப் பெண்ணுக்குப் பலாக்கொட்டையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஒன்றும் தெரியாது. அவளுக்கு அத்தனையும் சொல்லிக்கொடுத்தவள் வீரம்மாள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து காலையும் மாலையும் பஸ்ஸில் பால் கொண்டுவருகிறவள்.

“ஏம்மா, எம்பேரும் ரேடியோவுல வருமா?” என்று வீரம்மாள் கேட்டாள்.

“வருமுங்கறேன். முத்தாண்டிக்குப்பம் வீரம்மாள்னு முழுசாச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.”

அதன் பிறகு வீரம்மாள் ஊருக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டருக்கும் சொன்னாள், பக்கத்து ஸீட்டுக்கும் சொன்னாள், ஓடிவந்து ஏறினவனுக்கு முதலிலிருந்து சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொந்தபந்தத்தோடு வந்து கேட்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலை. லீவு நாள். கருணாகரன் தெரு முனையில் போய்க்கொண்டிருந்தார். காருக்குள்ளிருந்து ‘பட்’ என்று ஒரு சத்தம். நின்றார். தலை சாய்ந்தது. திருப்புளி தானாகவே கைக்கு வந்தது.

“அம்மா, இது என்ன பழக்கம்? ரேடியோவைப் போய் அடிக்கிறது?”

“அடிச்சாத்தானுங்க பேசுது” என்றாள் தமயந்தி.

“அதான் வியாதியே. உள்ளே சின்ன லூஸ் காண்டாக்ட். பத்து நிமிஷத்துல பாத்துருவோம்.”

“ஐயோ, வேண்டாமுங்க! நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் அதை ஆரும் தொடக் கூடாது.”

“அதுக்குத்தாம்மா சொல்றேன். நாளைக்கு நீங்க பேசிக்கிட்டிருக்கும்போது நடுவுல கம்முனு ஆயிருச்சுன்னா? உங்க பேச்சை நீங்களே அடிச்சா கேக்கிறது?”

தமயந்தி ஒரு கணம் தயங்கினாள். அந்த ஒரு கணம் போதாதா? உதவிக்குக் கணவரைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

“அதுக்கென்னங்க, பார்க்கட்டுமுங்க” என்றார் கோபாலகிருஷ்ணன்.

கருணாகரன் தலைகீழாகக் காருக்குள் நுழைந்தார். தலையும் தோளும் ரேடியோவுக்கு அடியில் மறைந்தன. திறந்த கதவு வழியே இரண்டு பாதங்கள் மட்டும் தெருவுக்குக் காட்சி கொடுத்தன. அன்று காலையில் எட்டாம் பிளாக் அந்தப் பாதங்களோடுதான் பேசியது. “என்ன கருணாகரன், எப்படி இருக்கு?” என்று கேட்டால் வலது கட்டைவிரல் மேலே நிமிரும், நம்பிக்கை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் இரண்டு பாதமும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும், ஆலோசனை. பத்து மணிக்கு ரேடியோ மொத்தமாக வெளியே வந்தது.

அதன் முகத்தில் ஒரு சின்ன விசை. பக்கத்தில் ஜெர்மன் மொழியில் ‘அவுஸ்’ என்று எழுதியிருந்தது.

“அவுஸ்னா வீடு சார்” என்று விளக்கினார் கருணாகரன். “வண்டி வீட்டுல நிக்கும்போது இதுல வைக்கணும். நீங்க இத்தனை நாளா மாத்தி வெச்சிருந்தீங்க. அதான் கோளாறு.”

அவுஸ் என்றால் நிறுத்தம் என்று ஜெர்மன்காரரே கோபாலகிருஷ்ணனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் வீட்டுக்கு வந்து உதவி செய்கிற மனிதரை எப்படி மறுத்துப் பேசுவது? “அப்படிங்களா” என்றார். நிறுத்தி வைத்த ரேடியோ ஏன் பேசவில்லை என்று கருணாகரன் பதினொன்றரை வரை ஆராய்ந்தார். பேசாததால், வேறு வழியில்லாமல், மூடியைத் திறந்தார்.

கழற்றுவதில் கருணாகரனுக்கு ஒரு முறை இருந்தது. தரையில் அன்றைய செய்தித்தாளை விரித்து, எந்தப் பாகத்தை எந்தச் செய்தி மேல் வைத்தோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்வார். முதல் வால்வு மந்திரி பேச்சின் மேல். இரண்டாம் வால்வு மழை நிலவரத்தில். நீளத் திருகாணிகள் கிரிக்கெட்டில். குட்டைத் திருகாணிகள் தலைவலித் தைல விளம்பரத்தில். கழற்றிய வரிசையில் பத்திரிகையைப் படித்துக்கொண்டே மாட்டினால் போதும். நல்ல முறைதான். ஆனி மாதத்தில் காற்று அடிக்கும் என்பது மட்டும் அதில் சேர்க்கப்படவில்லை.

மூன்று மணிக்குச் சுரங்கத் திசையிலிருந்து பழுப்புப் புழுதியோடு ஒரு காற்றுக் கிளம்பி வந்து, செய்தித்தாளைத் தொட்டில் கட்டித் தூக்கி, ஒரு ஆட்டு ஆட்டி, கவிழ்த்துவிட்டுப் போயிற்று. கிரிக்கெட் திருகாணிகள் செம்பருத்தி வேருக்குள் போயின. மழை நிலவரமும் மந்திரியும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தார்கள். வால்வுகள் உடையாமல் தப்பியது அந்த ஜெர்மன் தேசத்தின் பெருமை.

கருணாகரன் மண்ணில் முழங்காலிட்டுப் பொறுக்கினார். எது எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. உண்மையில் காற்று வருவதற்கு முன்னாலும் அவ்வளவாகத் தெரியவில்லை. காற்று வந்ததால் அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து மாலைப் பாலோடு வீரம்மாள் வந்தாள். பால் தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“அடிச்சா பேசிக்கினுதானய்யா இருந்திச்சு. எதுக்குக் கயட்டினீங்க?”

“சரி பண்றேன்மா.”

“இப்ப அடிக்கலாம்னா எதை அடிக்கிறது?”

கருணாகரன் பொறுக்கியதையெல்லாம் அந்தச் செய்தித்தாளிலேயே மூட்டை கட்டிக் காருக்குள் வைத்தார். வீட்டுக்குப் போனதும் பொன்னம்மாள் வழக்கம்போல, “எத்தனை மிஞ்சிச்சு?” என்று கேட்டாள்.

“மிஞ்சல.”

அவள் திடுக்கிட்டாள். “ஏங்க, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“இன்னும் மாட்டவே இல்ல” என்றார் கருணாகரன். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்டிராத இரண்டு வாக்கியங்கள் ஒரே மூச்சில் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய் உட்கார்ந்தவர், நாலரை மணிக்கு மாட்டி முடித்தார். ஒன்பது திருகாணிகள் மிஞ்சின. முதல் முறையாக அவற்றை யாருக்கும் காட்டாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். மிஞ்சிப்போன ஒரு கறுப்பு வயரை எங்கே கொடுப்பது என்று தெரியாமல், ஸ்டியரிங்குக்கு அடியில் அதேபோல ஒரு கறுப்பு வயர் தெரியவே, ‘இனம் இனத்தோடு சேரட்டும்’ என்று முறுக்கிவிட்டிருந்தார். ரேடியோவைத் திருகினார். சத்தமில்லை. மறுபடி திருகினார். வைப்பர் இரண்டும் எழுந்து காய்ந்த கண்ணாடியை ஒரு முறை துடைத்துவிட்டுப் படுத்துக்கொண்டன.

ஐந்து மணிக்கு முத்தாண்டிக்குப்பம் பஸ்ஸிலிருந்து வீரம்மாள் இறங்கினாள். பின்னால் பதினோரு பேர். அவள் தங்கை சின்னம்மாள், தங்கை மாமியார், கொழுந்தன், கைக்குழந்தை, எல்லாரும் தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த துணி உடுத்தி, காரைச் சுற்றி மண்ணில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் காரைப் பார்த்துக் கும்பிட்டார்.

கோபாலகிருஷ்ணன் மனைவியிடம் மெல்ல, “நீ வேணும்னா கிளப்புக்குப் போய்க் கேக்கறியா கண்ணு? அங்க பெரிய ரேடியோ இருக்குது” என்றார்.

“இவங்களை அங்க உள்ள விடுவாங்களா?”

“விட மாட்டாங்க.”

“அப்ப நான் மட்டும் போய்க் கேட்டு என்னங்க பண்றது?” என்றாள் தமயந்தி.

கருணாகரன் அதைக் கேட்டார். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்குத் தம் நெற்றியை எங்கேயாவது முட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எதிரே ஸ்டியரிங்தான் இருந்தது. முட்டினார். அதன் நடுவில் ஹாரன் பொத்தான்.

‘பாஆஆம்’ என்றது ஹாரன். அந்தப் பாஆஆமுக்கு உள்ளிருந்து, தூரத்தில், யாரோ ஒருவர் மிருதங்கம் வாசிக்கிறாற்போல இருந்தது. நெற்றியை எடுத்தார். இரண்டும் நின்றன. கையால் அழுத்தினார். ஹாரன், அதற்கு அடியில் மிருதங்கம்.

“வந்துருச்சு!” என்று கத்தினார். “சார், வந்துருச்சு!”

வந்ததுதான். ஹாரன் அடித்தால் பாடும் ரேடியோவை உலகத்துக்கு முதன்முதலில் அளித்தவர் கருணாகரன். ஹாரன் அடிக்கும்போது எதுவும் கேட்காது என்பது ஒன்றுதான் அதில் சிறு குறை.

ஐந்து நாற்பது. ஹாரனை என்ன செய்வது? முன்மூடியைத் திறந்து அதன் வாயில் தலையணையை வைத்து அழுத்தினார் கோபாலகிருஷ்ணன். அழுத்தினால் கன்றுக்குட்டி கத்துகிறாற்போல முனகியது. போர்வையைச் சுற்றினார்கள். கிழக் கன்றுக்குட்டி ஆயிற்று. இடைவிடாத இந்த ஓலத்தைக் கேட்டுத் தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது, பொன்னம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள், நகரியத்துக் காவலாளி பன்னீர்செல்வம் சைக்கிளில் விசில் ஊதிக்கொண்டே வந்து, “எங்க நெருப்பு? எங்க நெருப்பு?” என்று காரை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

“நெருப்பு இல்லீங்க. பலாக்கொட்டை” என்றார் கோபாலகிருஷ்ணன்.

பன்னீர்செல்வம் சைக்கிளைவிட்டு இறங்கிவிட்டார்.

“ஹாரனுக்குப் போற வயரைப் பிடுங்கிட்டா என்னங்க?” என்று கேட்டாள் தமயந்தி.

“கூடாது!” என்று அலறினார் கருணாகரன். “கண்டதையும் கழட்டக் கூடாதும்மா! எது எதோட சேர்ந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

பேசியது யார் என்று எல்லாரும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, கழற்றத்தான் வேண்டும் என்கிற நேரத்தில், அந்த மனிதருக்குக் கழற்றப் பயம் வந்துவிட்டது.

வீரம்மாளுக்கு அந்த மாதிரிப் பயமெல்லாம் கிடையாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். தலையணையைத் தள்ளினாள். மாட்டின் கழுத்திலிருந்து உண்ணி பிடுங்குகிற லாகவத்தோடு ஹாரன் வயரை இரண்டு விரலால் பற்றி ஒரே இழுப்பு. ஓலம் நின்றது. கருணாகரனின் கட்டைவிரல்கள் பொத்தானிலேயே இருந்தன. காருக்குள்ளிருந்து தெளிவாக, இனிமையாக, “அடுத்து, பலாக்கொட்டையில் பல வகை. பேசுபவர் தமயந்தி கோபாலகிருஷ்ணன்” என்று ஒரு பெண் குரல் வந்தது.

“விரலை எடுத்தீங்கன்னா பாத்துக்குங்க” என்றாள் பொன்னம்மாள், கணவர் காதருகே குனிந்து.

தமயந்தி பேச ஆரம்பித்தாள். ரேடியோவுக்குள் இருக்கும் தமயந்தி, வெளியே வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற தமயந்தியைவிடப் பத்து வயது மூத்தவளாகவும், யாரோ பெரிய வீட்டுப் பெண்மணி போலவும் பேசினாள். கொட்டையை உரிப்பது எப்படி, வறுப்பது எப்படி. மண்ணில் உட்கார்ந்தவர்கள் தலையாட்டினார்கள். தங்கை மாமியார் ஓரிடத்தில், “உப்பு பத்தாது” என்றாள். “இந்தக் குழம்பு வகைகளை எனக்கு அன்போடு கற்றுக்கொடுத்தவர்...” என்றது ரேடியோ.

நின்றுவிட்டது.

இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. பழைய கோளாறு. இத்தனை கழற்றலுக்கும் மாட்டலுக்கும் நடுவில் அது மட்டும் யார் கையிலும் படாமல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

தமயந்தி பாய்ந்து வழக்கமான இடத்தில் தட்டினாள். பேசவில்லை. மேலே தட்டினாள், கீழே தட்டினாள். கோபாலகிருஷ்ணன் கதவைத் தட்டினார். பன்னீர்செல்வம் டயரை உதைத்தார். வீரம்மாள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, “எம்பேருதாம்மா, அடுத்தாப்புல எம்பேருதாம்மா” என்று முணுமுணுத்தாள்.

பொன்னம்மாள் கணவரைப் பார்த்தாள். பானைக்குள் மணியடித்த கடிகாரம் ஞாபகத்துக்கு வந்ததா, வேறு என்னென்ன வந்ததோ, நமக்குத் தெரியாது. கரண்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்திருந்த அந்த முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். கருணாகரன் முன்னால் சரிந்தார். சரிந்த வேகம் கட்டைவிரல் வழியே பொத்தானில் இறங்கியது.

“...முத்தாண்டிக்குப்பம் வீரம்மாள் அவர்கள்” என்றது ரேடியோ.

பதினோரு பேரும் எழுந்து நின்று போட்ட கூச்சலில் அந்தப் பக்கம் நாலு தெருவுக்கு மறுபடி நெருப்புப் பயம் வந்துவிட்டது. கைக்குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். “இன்னொரு தபா சொல்லச் சொல்லும்மா!” என்று பெரியவர் காரைப் பார்த்துக் கேட்டார். பேச்சு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவியலும் வறுவலும் யார் காதிலும் விழவில்லை. அடுத்த இரண்டு நிமிஷத்தில் மறுபடி ஊமையானபோது, கூட்டம் சொல்லிவைத்தாற்போலப் பொன்னம்மாளைத் திரும்பிப் பார்த்தது. அவள் கடமையைச் செய்தாள். எட்டு நிமிஷப் பேச்சுக்கு மூன்று அடி. மூன்றாவது தேவைப்பட்டதா என்பதில் தெருவில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு.

எல்லாம் முடிந்து கருணாகரன் இறங்கியபோது கட்டைவிரல்கள் இரண்டும் மடங்க மறுத்து நிமிர்ந்து நின்றன. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வீரம்மாள் கார்ப் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பால்காரி, பால்காரின்னுதான் கூப்புடுவாங்க. எம்பேரு இவ்ளோ நீட்டுன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது” என்றாள். பிறகு அவரைப் பார்த்து, “போவட்டும், வுடுங்கய்யா. கைய எடுக்காம இருந்தீங்களே, அது பெருசு” என்றாள்.

தமயந்தி தன் பேச்சில் பாதியைக்கூடக் கேட்கவில்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, சிரிப்பு முந்திக்கொண்டது. “ரொம்ப நன்றிங்க” என்றாள், பொன்னம்மாளைப் பார்த்து.

கருணாகரன் அதைத் தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். குனிந்திருந்த தலை நிமிர ஆரம்பித்தது. தெருவின் நடுவுக்குப் போவதற்குள் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது.

அதன்பின் கோபாலகிருஷ்ணன் வேலைக்குப் போகும்போது ஸ்டியரிங்கின் நடுவை ஒரு கையால் அழுத்திக்கொண்டு செய்தி கேட்டபடியே போவார். எதிரே ஆள் வந்தால் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “கொஞ்சம் வழி விடுங்கோ” என்பார். தமயந்தி இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்கென்று ஒரு புது ரேடியோ வந்தது. அட்டைப் பெட்டியைப் பிரித்து, வைக்கோலை நீக்கி, மேஜையில் வைத்து, திருகினார்கள். கணீரென்று பாடியது. ஒரு கரகரப்பு இல்லை, ஒரு தடங்கல் இல்லை.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

“கேள்விப்பட்டேன் சார்” என்றார் கருணாகரன். மேஜையருகே வந்து நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா புதுசு பாருங்க, எல்லாத்தையும் ரொம்ப டைட்டா முடுக்கியிருப்பான். கொஞ்சம் தளர்த்தி விட்டோம்னா...”

தமயந்தி கணவரைப் பார்த்தாள். கோபாலகிருஷ்ணன் வாயைத் திறந்தார். ‘அதுக்கென்னங்க’ என்று ஆரம்பித்த நாக்கு பாதியில் நின்றது. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

“வேண்டாமுங்க!” என்றார்.

நாற்பத்திரண்டு வயதில் அவர் அந்தச் சொல்லை முதன்முதலாகச் சொல்லிப் பார்த்தார். பிடித்துப்போய் விட்டது. அன்றைக்கே காபி, வெற்றிலை, தலையணை என்று கேட்டதற்கெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லித் தமயந்தியைப் பாடாய்ப் படுத்திவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லவேளை நம் வீட்டில் இப்படி யாருமில்லை என்றும் நினைத்துக்கொள்கிறீர்கள். சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் கையிலிருக்கிற இந்தப் பத்திரிகையின் பக்கங்களை எல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடுமுதுகில் ஒரு சின்னக் கம்பி ஊசி இருக்கிறதே, அது கொஞ்சம் ஆடுகிறது என்பதை எத்தனையாவது பக்கத்தில் கண்டுபிடித்தீர்கள்? அப்போதிலிருந்து உங்கள் நகம் அதற்கடியில் என்ன செய்துகொண்டிருக்கிறது?